முதிர்வயதும் நம் தோலும்

(மருத்துவமனை ஆதரவாளர்களின் கூடுகையில் மூத்தோருக்காக ஆற்றிய உரை)



இந்த வேளையில் எதைக் குறித்துப் பேசலாம் என்று சபைகளுக்கு எழுதிக் கேட்டிருந்தோம். பெண்கள் ஐக்கிய சங்கத்துத் தாய்மார் அனுப்பிய ஒரு சீட்டில், "முகம் சீக்கிரம் கிழடு தட்டாமல் இருக்க என்ன செய்யலாம்?" என்று எழுதியிருந்தது. அதைப் பார்த்துச் சிலர் சிரித்தார்கள். நோயாளிகளுக்கு ஆறுதல் சொல்ல வேண்டிய குருமார் முகச்சுருக்கத்தைப் பற்றிப் பேசுவதா என்று கேட்டார்கள்.

எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. தோல் வியாதிப் பிரிவின் வெளிநோயாளர் வரிசையில் நாள்தோறும் இரண்டு கூட்டத்தாரைக் காண்கிறோம். ஒரு கூட்டத்தார், வறண்டு வெடித்த கால்களையும் கைகளையும் "வயசானால் அப்படித்தானே" என்று கவனியாமல் விட்டு, சீழ் பிடித்த பிறகு வருகிறவர்கள். மற்றவர்கள், வயதை மறைக்க வேண்டும் என்று கடையில் கிடைத்த கிரீமைத் தடவி, இருந்த நல்ல தோலையும் கெடுத்துக்கொண்டு வருகிறவர்கள். ஒருவர் ஒன்றுமே செய்ய முடியாது என்று நினைத்தார். மற்றவர் எதையும் செய்துவிடலாம் என்று நினைத்தார். இவ்விரண்டுக்கும் நடுவில் உண்மை இருக்கிறது. தோலின் முதுமையில் ஒரு பங்கு வயதினால் வருவது. அதை நாம் ஏற்றுக்கொள்ள வேண்டும். பெரும் பங்கு நாம் நடந்துகொள்ளும் விதத்தினால் வருவது. அதை நாம் குறைக்கலாம். இன்றைக்கு நாங்கள் சொல்ல வந்தது இவ்வளவுதான்.

நாங்கள் மருத்துவர்கள் அல்ல. வார்டுகளில் நோயாளிகளின் அருகே உட்கார்ந்து அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு பேசுகிறவர்கள். ஆகவே கைகளைப் பற்றி எங்களுக்குச் சற்றுத் தெரியும். மற்றவற்றைத் தோல் மருத்துவர்களிடமும் நர்சம்மாக்களிடமும் கேட்டு அறிந்து சொல்கிறோம்.

ஒரே கையில் இரண்டு வயது

தயவுசெய்து எல்லாரும் ஒரு கையின் சட்டையை மேலே ஏற்றிக்கொள்ளுங்கள். அக்குளுக்குச் சற்றுக் கீழே, மேற்கையின் உட்புறத்தைப் பாருங்கள். வழுவழுப்பாகவும் ஒரே நிறமாகவும் இருக்கிறது அல்லவா? இப்போது அதே கையின் புறங்கையைப் பாருங்கள். கறுத்த புள்ளிகள், சொரசொரப்பு, கிள்ளிவிட்டால் உடனே படியாத மடிப்பு. இரண்டும் ஒரே நாளில் பிறந்தவை. ஒரே சோறுதான் இரண்டுக்கும் போனது, ஒரே இரத்தந்தான் ஓடியது. ஆனாலும் ஒன்றுக்கு நாற்பது வயது, மற்றதற்கு எழுபது வயது போலத் தோன்றுகிறது. இந்த வித்தியாசத்தை உண்டாக்கியது காலம் அல்ல, பெரும்பாலும் வெயில்.

தோல் நம் சரீரத்தின் மதில். வளர்ந்த ஒருவரின் தோலை விரித்தால் ஏறக்குறைய 2 சதுர மீட்டர் வரும். மேல்தோல் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டே இருக்கிறது. வாலிபத்தில் இதற்கு ஏறக்குறைய 4 வாரம் ஆகும், முதுமையில் இன்னும் அதிகநாள் பிடிக்கும். அதன் கீழே உள்தோலில் கொலாஜன் என்ற உறுதியான நார்களும், எலாஸ்டின் என்ற இழுபடும் நார்களும் பின்னிக் கிடக்கின்றன. கயிற்றுக் கட்டிலை நினைத்துக்கொள்ளுங்கள். கயிறு முறுக்காக இருக்கும் மட்டும் மேலே விரித்த பாய் சமமாக இருக்கும். கயிறு இற்று, தொய்ந்துவிட்டால் பாயும் தொய்ந்து சுருங்கும். நம் முகத்தில் நடப்பது இதுதான். பாய்க்கு மேலே எதைப் பூசினாலும் இற்றுப்போன கயிறு முறுக்கேறாது.

வயது ஏற ஏற இந்த நார்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவது இயற்கை. பெண்களுக்கு மாதவிடாய் நின்ற முதல் சில ஆண்டுகளில் இது வேகமாகக் குறையும். இதற்காக ஒருவரும் வெட்கப்படத் தேவையில்லை. ஆனால் கயிற்றை வெயிலிலும் புகையிலும் போட்டு நாமே இற்றுப்போகச் செய்வது வேறு காரியம்.

முதலாவது, வெயில்

சூரிய ஒளியில் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர்கள் உண்டு. அவற்றில் 'பி' வகை மேல்தோலைச் சுட்டுக் கருக வைக்கும். 'ஏ' வகை சுடுவது தெரியாது. ஆனால் உள்தோல் வரைக்கும் இறங்கி, கொலாஜனை அரிக்கும் நொதிகளைத் தூண்டிவிடும். ஜன்னல் கண்ணாடி 'பி' வகையில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். 'ஏ' வகையில் பெரும்பகுதியை உள்ளே விட்டுவிடும். எனவே கண்ணாடிக்கு உள்ளே உட்கார்ந்திருக்கிறோம், வெயில் படவில்லை என்று சொல்வது சரியல்ல.

இதற்கு ஒரு சாட்சி. சிகாகோவைச் சேர்ந்த மருத்துவர்கள் 2012-ஆம் ஆண்டு 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் ஒரு மனிதரின் புகைப்படத்தை வெளியிட்டார்கள். அவருக்கு வயது 69. 28 ஆண்டுகள் சரக்கு வண்டி ஓட்டியவர். அமெரிக்காவில் ஓட்டுநரின் இருக்கை இடதுபக்கம். ஆகவே ஜன்னல் வழியாக வந்த ஒளி அவருடைய முகத்தின் இடது பாதியில்தான் அதிகம் பட்டது. அந்தப் பாதி தடித்து, ஆழமாகச் சுருங்கி, தொங்கிப்போயிருந்தது. வலது பாதி அவருடைய தம்பியின் முகம் போல இருந்தது. நம் நாட்டில் ஓட்டுநர் வலதுபக்கம் உட்காருகிறார். உங்கள் சபையில் நீண்டகாலம் லாரியோ பஸ்ஸோ ஓட்டிய ஐயா யாராவது இருந்தால், அவருடைய இரு முன்னங்கைகளையும் சேர்த்துவைத்துப் பாருங்கள்.

நாம் கறுத்த நிறத்தவர்கள், நமக்கு இது பொருந்துமா என்று கேட்கலாம். நம் தோலில் உள்ள மெலனின் என்ற நிறப்பொருள் ஓரளவு குடையாக நிற்கிறது. அதனால் வெள்ளைக்காரருக்கு முப்பதிலும் நாற்பதிலும் வருகிற மெல்லிய சுருக்கங்கள் நமக்குப் பிந்தியே வருகின்றன. ஆனால் வெயில் நம்மிடத்தில் வேறு விதமாகத் தன் கணக்கைத் தீர்த்துக்கொள்கிறது. கன்னத்திலும் நெற்றியிலும் கரும்படை, புறங்கையில் புள்ளிகள், ஒரே முகத்தில் இரண்டு மூன்று நிறம் என்று நிறக்கேடாக வருகிறது. சுருக்கமும் வராமல் போவதில்லை, பிந்தி வருகிறது.

புற ஊதாக் கதிரின் கடுமையை அளக்க உலக சுகாதார நிறுவனம் ஓர் அளவுகோல் வைத்திருக்கிறது. அதில் 11-ஐத் தொட்டால் மிகக் கடுமை என்று பொருள். நம் மாநிலத்தில் கோடைகால நண்பகலில் அந்த எல்லையைத் தாண்டுவது சாதாரணம். மேகம் மூடிய நாளிலும் இக்கதிர்களில் பெரும்பகுதி இறங்கிவிடும். கடற்கரை மணலும் தண்ணீரும் ஒளியைத் திருப்பியடிக்கும். தூத்துக்குடிப் பக்கத்து உப்பளங்களில் வேலை செய்கிறவர்களுக்கு மேலிருந்து ஒரு வெயில், வெள்ளை உப்பிலிருந்து இன்னொரு வெயில்.

இதற்கு என்ன செய்யலாம்? நிழலைப் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருக்கும் நேரமெல்லாம் வெயில் கடுமையான நேரம். அதாவது ஏறக்குறைய காலை 10 மணி முதல் மாலை 3, 4 மணி வரை. கூடுமானால் தோட்டவேலையையும் சந்தைக்குப் போவதையும் அதற்கு முன்னும் பின்னும் வைத்துக்கொள்ளுங்கள். குடை பிடியுங்கள். குடை பிடித்துப் போகும் ஆண்பிள்ளையைக் கேலி செய்யும் வழக்கம் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறது. அந்தக் கேலியைப் பொருட்படுத்தாதிருங்கள்.

நாற்று நடுகிற பெண்களும் சித்தாள் வேலைக்குப் போகிற பெண்களும் சேலையின் மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு நிற்பதைக் கண்டிருக்கிறீர்கள். படித்தவர்கள் சிலர் அதைப் பார்த்துச் சிரிப்பதுண்டு. தோல் மருத்துவர்களோ அதைவிட நல்ல ஆலோசனை தங்களிடம் இல்லை என்கிறார்கள். நெருக்கமாக நெய்த முழுக்கைத் துணி, எந்தக் கிரீமையும்விட நம்பத்தக்கது. வியர்வையில் கரையாது, மறுபடி வாங்க வேண்டியதில்லை.

துணி மூடாத முகத்துக்கும் கழுத்துக்கும் புறங்கைக்கும் வெயில் தடுப்புக் கிரீம் உண்டு. அதன் பயனைக் குறித்து நல்ல ஆதாரம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் நம்பூர் என்ற ஊரில் 1992 முதல் 1996 வரை ஓர் ஆய்வு நடந்தது. 55 வயதுக்கு உட்பட்ட 903 பேரின் புறங்கைத் தோலை அச்செடுத்துப் பார்த்தார்கள். ஒரு கூட்டத்தார் தினமும் தவறாமல் கிரீமைத் தடவினார்கள். மற்றவர்கள் தங்களுக்குத் தோன்றியபோது தடவினார்கள். நாலரை ஆண்டுகள் கழிந்தபோது, தினமும் தடவினவர்களின் தோலில் முதுமை கூடினதாகவே தெரியவில்லை. மற்றவர்களைவிட அவர்களுக்கு 24 விழுக்காடு குறைவு. 2013-இல் இதன் முடிவு வெளிவந்தது. இவர்களில் நடுவயதினரும் இருந்தார்கள் என்பதைக் கவனியுங்கள். வாலிபத்தில் தொடங்காமற்போனோமே என்று கைவிடத் தேவையில்லை.

வாங்க வசதி உள்ளவர்கள் 30 எண் அல்லது அதற்கு மேற்பட்டதை வாங்குங்கள். முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கிப் பூச வேண்டும். வெளியே இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் மறுபடியும் பூச வேண்டும். பொட்டு வைப்பதுபோல் துளியளவு தடவினால் பலன் இல்லை.

அதற்காக வெயிலைச் சத்துருவாக எண்ணி அறைக்குள் அடைந்து கிடக்கவும் வேண்டாம். எலும்புக்கு வேண்டிய வைட்டமின் டி சத்தைத் தோல் வெயிலில்தான் உண்டாக்குகிறது. வீட்டோடு இருக்கிற வயோதிபர் தினமும் சற்று நேரம் கைகால்களில் வெயில் படும்படி உட்காருவது நல்லது. அளவாக எடுத்துக்கொண்டால் அது மருந்து.

இரண்டாவது, புகை

1985-ஆம் ஆண்டு டக்ளஸ் மாடல் என்ற மருத்துவர் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். பத்து ஆண்டுகளும் அதற்கு மேலும் புகைத்தவர்களில் 46 விழுக்காட்டினரை முகத்தை வைத்தே கண்டுபிடிக்க முடிந்தது என்றார். உதட்டைச் சுற்றியும் கண்ணோரத்திலும் கதிர்போல ஓடும் கோடுகள், ஒட்டிய கன்னம், சாம்பல் படிந்த நிறம் ஆகியவை அவர் சொன்ன அடையாளங்கள். புகைக்காதவர்களில் ஒருவருக்கும் அந்த முகம் இல்லை. புகைப்பதை விட்டுவிட்டவர்களிலோ 8 விழுக்காட்டினருக்கு மட்டுமே இருந்தது.

நிக்கோட்டின் தோலுக்குப் போகும் மெல்லிய இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. பிராணவாயுவும் சத்தும் குறைகிறது. புகையில் உள்ள நச்சு கொலாஜனை அரிக்கிறது. அறுவை சிகிச்சைக்கு முன்பு பீடியையும் சிகரெட்டையும் சில வாரங்களுக்காகிலும் விடுங்கள் என்று டாக்டர்கள் கண்டித்துச் சொல்வதும் இதனால்தான். புகைக்கிறவருடைய காயம் தாமதமாகவே ஆறும். முகத்தில் தெரிகிற கோடு, உள்ளே நுரையீரலிலும் இருதயத்திலும் நடக்கிறதற்கு ஓர் அறிவிப்புப் பலகை. அதற்காகவாவது முகத்தைக் கண்ணாடியில் பாருங்கள் என்று சகோதரர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

தாய்மாருக்கு வேறொரு புகை இருக்கிறது. விறகும் கரியும் எரிகிற அடுப்படியில் வருஷக்கணக்காக நின்று சமைத்த பெண்களுக்கு முகத்திலும் புறங்கையிலும் சுருக்கம் அதிகம் என்று சீனாவில் நடத்திய ஆய்வொன்று 2015-இல் வெளியானது. வீட்டில் எரிவாயு அடுப்பு இருந்தும், சிலிண்டர் தீர்ந்துவிடும் என்று தண்ணீர் காயவைக்கவும் நெல் அவிக்கவும் விறகையே எரிக்கிறவர்கள் நம்மில் அநேகர். அப்படியானால் அந்த அடுப்பைக் கூரைக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள்.

மூன்றாவது, சாப்பாடும் தூக்கமும்

இரத்தத்தில் சர்க்கரை நீண்டகாலம் மிகுதியாக இருந்தால், அது கொலாஜன் நார்களில் ஒட்டி அவற்றை விறைக்கச் செய்கிறது. பாகில் நனைந்து காய்ந்த கயிறு எப்படி மடங்காமல் நிற்குமோ அப்படி. சர்க்கரை வியாதி உள்ளவர்களின் தோல் தடித்து, வறண்டு, புண் ஆறத் தாமதிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். நம் தேசத்தில் 10 கோடிக்கும் அதிகமானவர்களுக்குச் சர்க்கரை வியாதி இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த பெரிய கணக்கெடுப்பு 2023-இல் தெரிவித்தது. ஆகவே சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது தோலைப் பாதுகாப்பதுமாகும்.

கொலாஜன் உண்டாக வைட்டமின் சி வேண்டும். அது இல்லாமல் பழங்காலத்துக் கப்பலோட்டிகள் ஈறு வீங்கி, ஆறின காயமும் திறந்து மாண்டார்கள். அதற்காக விலையுயர்ந்த மாத்திரை வாங்க வேண்டியதில்லை. ஒரு கொய்யாப்பழத்தில் அதே எடையுள்ள ஆரஞ்சைவிட மூன்று நான்கு மடங்கு வைட்டமின் சி இருக்கிறது. நெல்லிக்காய், முருங்கைக்கீரை, பப்பாளி ஆகியவை கொல்லையிலேயே விளைகின்றன. முன்பு சொன்ன நம்பூர் ஆய்வில் சிலருக்குப் பீட்டா கரோட்டின் மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். தோலின் முதுமையை அது பொதுவில் தடுக்கவில்லை. பழத்தையும் கீரையையும் பழமாகவும் கீரையாகவும் சாப்பிடுவதே நலம். பருப்பு, முட்டை, மீன் என்று புரதமும் வேண்டும். பல் போய்விட்டதென்று கஞ்சியும் காப்பியுமாய்க் காலம் தள்ளுகிற வயோதிபரின் தோல் காகிதம்போல் மெலிந்துபோவதை வார்டுகளில் காண்கிறோம்.

தூக்கம் கெட்டால் மறுநாள் கண்ணின் கீழ் தெரிவது எல்லாரும் அறிந்ததே. சரீரம் தன்னைச் செப்பனிட்டுக்கொள்ளும் நேரம் அது. இதைக் குறித்து அதிகம் சொல்லத் தேவையில்லை.

நான்காவது, தண்ணீரும் எண்ணெயும்

மூத்தோருக்கு மிகவும் உபயோகமானது இந்தப் பகுதிதான். வயதானால் தோலில் எண்ணெய்ப் பசை சுரப்பது குறைகிறது. வறண்ட தோல் அரிக்கும், சொறிந்தால் கீறும், கீறலின் வழியாய்க் கிருமி நுழையும். நிறைய தண்ணீர் குடித்தால் வறட்சி போய்விடும் என்பார்கள். தண்ணீர் குடிப்பது நல்லதே. ஆனால் தோலின் ஈரத்தை வெளியே போகவிடாமல் பிடித்துவைப்பது மேலே உள்ள எண்ணெய்ப் பசைதான்.

இந்தப் பாடத்தை மிஷன் ஆஸ்பத்திரிகள் தொழுநோயாளிகளின் மத்தியில் கற்றுக்கொண்டன. தொழுநோயில் நரம்பு கெட்டவுடன் வியர்வை நின்றுபோகிறது. கையும் காலும் காய்ந்த மண்போல் வெடிக்கின்றன. வலி தெரியாததால் வெடிப்பு புண்ணாகி, புண் எலும்பைத் தொடுகிறது. கொல்லிமலையில் பிறந்து வேலூரில் ஊழியம் செய்த டாக்டர் பால் பிராண்ட், விரல்கள் அழிவது கிருமி நேரே தின்பதனால் அல்ல, உணர்ச்சியற்ற கைகால்களுக்கு நேரிடும் காயங்களினாலும் கவனிக்காமல் விட்ட புண்களினாலுமே என்று உலகத்துக்கு எடுத்துக் காட்டினார். அதிலிருந்து உண்டான எளிய ஒழுங்கு இன்றைக்கும் கற்றுக்கொடுக்கப்படுகிறது: தினமும் கைகால்களை 20 நிமிஷம் தண்ணீரில் ஊறவைப்பது, தடித்த தோலை மெல்லத் தேய்த்தெடுப்பது, ஈரம் காயுமுன் எண்ணெய் தடவுவது. ஒரு வாளியும் ஒரு கரண்டி எண்ணெயும் எத்தனையோ பேருடைய விரல்களைக் காத்தன.

அதே ஒழுங்கு வெடித்த குதிகால் உள்ள நம் எல்லாருக்கும் பொருந்தும். எந்த எண்ணெய் என்றால், தேங்காயெண்ணெய் போதும். வறண்ட தோலுக்கு அது நன்மை செய்கிறது என்று பிலிப்பைன்ஸ் நாட்டு ஆய்வு ஒன்று 2004-இல் காட்டியது. குளிக்கும்போது கொதிக்கிற வெந்நீர் வேண்டாம், வெதுவெதுப்பாக இருக்கட்டும். சோப்பை அக்குள், தொடையிடுக்கு, பாதம் இவற்றுக்கு மட்டும் போட்டால் போதும். மற்ற இடங்களுக்குத் தண்ணீரே போதும். துண்டால் அழுத்தித் தேய்க்காமல் ஒற்றியெடுத்து, உடனே எண்ணெய் தடவுங்கள்.

ஓர் எச்சரிக்கை. சர்க்கரை வியாதி உள்ளவர்கள் காலை நெடுநேரம் ஊறவைக்கக் கூடாது. வெந்நீரில் வைக்கவே கூடாது, சூடு தெரியாமல் வெந்துவிடும். கழுவி, விரலிடுக்கை உலரத் துடைத்து, இடுக்கை விட்டு மற்ற இடத்தில் எண்ணெய் தடவுங்கள். படுக்கையோடு இருக்கிற பெரியவர்களை வைத்துப் பராமரிக்கிற பிள்ளைகள், இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் அவர்களைத் திருப்பிப் படுக்கவையுங்கள். மெலிந்த தோல் சுருங்கினால் ஒன்றுமில்லை, கிழிந்தால்தான் ஆபத்து.

டப்பாவில் வருகிற தீங்கு

இனி, வயதை மறைக்கும் என்றும் சிவப்பாக்கும் என்றும் விற்கப்படும் கிரீம்களைக் குறித்து. இவற்றில் சிலவற்றில் ஸ்டீராய்டு மருந்து கலந்திருக்கிறது. சில நோய்களுக்கு டாக்டர் சொன்ன நாள் வரைக்கும் தடவ வேண்டிய நல்ல மருந்து அது. முகத்தில் மாதக்கணக்காகத் தடவினால் முதலில் வெளுத்துப் பளபளக்கும். பிறகு தோல் வெங்காயச் சருகுபோல் மெலியும், சிவந்த நரம்புகள் தெரியும், பரு வரும், பெண்களுக்கு முகத்தில் மயிர் வளரும். நிறுத்தினால் நெருப்புப் பட்டதுபோல் எரியும், அதற்குப் பயந்து மறுபடியும் தடவுவார்கள். முப்பது வயதுப் பெண்ணுக்கு மூதாட்டியின் தோலை உண்டாக்க இதைவிடச் சீக்கிரமான வழி இல்லை. இவை எங்கும் தாராளமாய் விற்கப்பட்டதைக் கண்டு தோல் மருத்துவர்கள் பல ஆண்டுகள் எச்சரித்தார்கள். 2018-இல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. ஆனாலும் அண்டை வீட்டார் சொன்னார், கல்யாணத்துக்கு ஒரு மாதந்தானே என்று வாங்குகிறவர்கள் ஓயவில்லை.

வேறு சில கிரீம்களில் பாதரசம் இருக்கிறது. அதில் என்ன இருக்கிறது, யார் செய்தது என்று டப்பாவில் எழுதியிராது. பாதரசம் தோல் வழியாய் உள்ளே போய்ச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். 2023-இல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் அபூர்வமான சிறுநீரக நோயோடு வந்தவர்களில் பலர் இப்படிப்பட்ட சிவப்பழகுக் கிரீம்களைத் தடவினவர்கள் என்று மருத்துவர்கள் கண்டுபிடித்தார்கள். பெயர் விலாசம் இல்லாத டப்பா எதையும் வீட்டுக்குள் கொண்டுவராதேயுங்கள், வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் அன்பாகத் தந்தாலும் சரி.

அப்படியானால் பயனுள்ள மருந்தே இல்லையா? உண்டு. பருவுக்குக் கொடுக்கப்பட்ட டிரெட்டினாயின் என்ற பூச்சு, வெயிலால் கெட்ட தோலைச் சற்றுச் சீர்ப்படுத்துகிறது என்று அமெரிக்க மருத்துவர்கள் 1988-இல் காட்டினார்கள். ஆனால் அது மெதுவாய், மாதக்கணக்கில் வேலை செய்வது. முதலில் எரிச்சலும் தரும். கர்ப்பிணிகள் தொடக் கூடாது. தோல் மருத்துவர் பார்த்துத்தான் தர வேண்டும். எழுபது வயதை இருபதாக்கும் கிரீம் இதுவரைக்கும் உண்டாகவில்லை. உண்டென்று சொல்லுகிறவர் உங்கள் பணப்பையைப் பார்த்துச் சொல்லுகிறார்.

ஒன்றைக் கூடவே நினைவில் வையுங்கள். வயதின் புள்ளி என்று எல்லாவற்றையும் விட்டுவிடக் கூடாது. நான்கு வாரத்துக்கு மேல் ஆறாத புண், இரத்தம் கசியும் கட்டி, வடிவோ நிறமோ மாறி வளர்கிற மச்சம், உள்ளங்காலில் புதிதாய்த் தோன்றும் கரும்புள்ளி ஆகியவற்றைத் தாமதியாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

நிழல் கொடுக்கிறவர்கள்

பிரியமானவர்களே, நாங்கள் வார்டில் கைகளைப் பிடித்து வயதைக் கேட்கும்போது அடிக்கடி திகைக்கிறோம். அறுபத்தைந்து இருக்கும் என்று நினைத்த கைக்குச் சொந்தக்காரர் நாற்பத்தெட்டு என்பார். செங்கல் சூளை, உப்பளம், கட்டிட வேலை, களையெடுப்பு என்று தொழிலைச் சொல்லுவார். வெயிலுக்கு ஒதுங்குங்கள் என்று அவருக்கு ஆலோசனை சொல்வது எளிது. ஒதுங்கினால் அன்றைய கூலி போய்விடும். இன்றைக்கு நாங்கள் சொன்னதில் பாதி, நிழலில் இருக்கத் தீர்மானம் செய்யக்கூடியவர்களுக்கே உதவும். மற்றவர்களுக்கு அந்தத் தீர்மானத்தைச் செய்கிறவர்கள் அவர்களை வேலைக்கு வைக்கிறவர்கள்.

உங்களில் வயல் உள்ளவர்கள் இருக்கிறீர்கள், வீடு கட்டுகிறவர்கள் இருக்கிறீர்கள், சேகரத்தின் கட்டிட வேலையை மேற்பார்க்கிறவர்களும் இருக்கிறீர்கள். வேலையைக் காலை 6 மணிக்குத் தொடங்கி, உச்சிவெயிலில் நிறுத்தி, வெயில் தாழ்ந்தபின் மறுபடி தொடங்க முடியுமா என்று பாருங்கள். கூலியைக் குறைக்காமல் செய்யுங்கள். கல் உடைக்கிற இடத்தில் நான்கு கம்பும் ஒரு கீற்றுக் கூரையும் போடுங்கள். ஒரு பானை தண்ணீர் வையுங்கள். வீட்டில் பழைய முழுக்கைச் சட்டைகள் இருந்தால் துவைத்துக் கொடுங்கள். கேட்க வெட்கப்பட்டுக் கேளாதிருக்கிறவர்கள் அநேகர்.

பிள்ளைகளையும் மறந்துவிடாதேயுங்கள். தோலில் படும் வெயில் சிறுவயது முதலே கணக்கில் ஏறிவருகிறது. விளையாட்டு நேரத்தைக் காலையிலும் மாலையிலும் வைக்கும்படி நம் பள்ளிக்கூடங்களில் சொல்லுங்கள். நிறத்தை வைத்து ஒரு பெண்பிள்ளையைக் குறைவாகப் பேசுகிற பேச்சை நம் வீடுகளில் நிறுத்துங்கள். அந்தப் பேச்சு நின்றால் நாங்கள் சொன்ன டப்பாக்களில் பாதி விலைபோகாது.

சீட்டு அனுப்பிய தாய்மாருக்கு எங்கள் பதிலைச் சுருக்கித் தருகிறோம். குடை, முழுக்கைச் சட்டை, கொய்யாப்பழம், தேங்காயெண்ணெய். புகை வேண்டாம். பெயர் தெரியாத கிரீம் வேண்டாம். இவற்றை இன்றைக்குத் தொடங்கினால், இனி வர இருந்த கேட்டில் ஒரு பகுதி வராமற்போகும். வந்துவிட்ட சுருக்கம் இருக்கட்டும். பேரப்பிள்ளைகள் அந்த முகத்தைத்தான் அறிவார்கள்.

தோல் பிரிவு நர்சம்மாக்கள் பின்பக்கத்து மேஜையில் இரண்டு வாளியும் எண்ணெயும் வைத்துக் காத்திருக்கிறார்கள். குதிகால் வெடிப்பு உள்ளவர்கள் கூச்சப்படாமல் போய், எப்படிச் செய்வது என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆண்டவர் உங்களுக்கு நல்ல சுகத்தைத் தருவாராக.